ஹாங்காங்கில் ஒரு நாள் மலைநடை: சுற்றுலா வருபவர்களுக்கான வழிகாட்டி

ஹாங்காங்கின் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 1,110 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 40 விழுக்காடு, 1976-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நாட்டுப்புறப் பூங்காச் சட்டத்தை ஒட்டிக் கட்டடம் எழும்பாமல் காக்கப்பட்டுவரும் மலையும் காடும் நீர்த்தேக்கமும் ஆகும். நான்கைந்து நாள் பயணமாக வந்து, டிஸ்னிலேண்டுக்கு ஒரு நாள், கடைவீதிக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளும் நம்மவர்கள் மலைக்கென்று ஒரு நாளை ஒதுக்குவது அரிது. ஒதுக்குபவர்களிலும் பலர் இணையத்தில் கண்ட ஏதோ ஓர் ஒளிப்படத்தை வைத்து இடத்தை முடிவு செய்துவிட்டு, ஏறி முடித்த பிறகுதான் இறங்கும் பக்கத்தில் பேருந்து உண்டா என்று யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. முதலில் திரும்பும் வழியையும், அடுத்து வானிலையையும், அதற்கடுத்துப் படிகளையும் பார்த்துவிட்டு, கடைசியாகக் காட்சியைப் பற்றி நினைக்கலாம். காட்சி இல்லாத தடம் இங்கே அநேகமாகக் கிடையாது.

இங்குள்ள பெரும்பாலான தடங்களில் நடக்க அனுமதிச் சீட்டோ நுழைவுக் கட்டணமோ தேவையில்லை. வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்து ஒரு பேருந்தைப் பிடித்தால், அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் மலையடிவாரத்தில் நிற்கலாம். அத்தனை எளிதாகப் போய்ச் சேர முடிவதே ஓர் ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு செருப்புக் காலில் கிளம்பி வருபவர்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் காணலாம்.

எப்போது போகலாம்

அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே நடப்பதற்கு ஏற்றவை. அவற்றுள்ளும் நவம்பரும் டிசம்பரும் வானம் தெளிந்து காற்று வறண்டிருக்கும் காலம். மார்ச், ஏப்ரலில் மூடுபனி இறங்கிவிடுவதால், உச்சிக்குப் போயும் வெள்ளைத் திரையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் திரும்ப நேரிடலாம். மே முதல் செப்டம்பர் வரை வெப்பம், ஈரப்பதம், இடிமழை, புயல் எல்லாம் சேர்ந்து வரும். நம் ஊர்ப் பள்ளி விடுமுறை இந்தப் பருவத்தில்தான் தொடங்குகிறது என்பது ஒரு சங்கடம். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு 33 டிகிரி ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள், சென்னையில் மே மாத நண்பகலில் யாரும் மணிக்கணக்காகப் படியேறுவதில்லை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். கோடையில் போயே ஆக வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கி, பத்து மணிக்குள் நிழலுக்கோ கடற்கரைக்கோ வந்துவிடும்படியான சிறு தடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

குளிர்காலத்திலும் கவனம் வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஜனவரி 24 அன்று நகருக்குள்ளேயே வெப்பநிலை 3.1 டிகிரிக்கு இறங்கியபோது, 957 மீட்டர் உயரமுள்ள டாய் மோ ஷான் மலைக்கு உறைபனியைப் பார்க்கப் போனவர்கள் வழுக்கும் சாலையில் இறங்க முடியாமல் தவித்து, தீயணைப்புப் படையினரால் மீட்கப்பட்டார்கள். அத்தகைய நாள் எப்போதாவது ஒருமுறை வருவதுதான் என்றாலும், முகடுகளில் வீசும் காற்று நகரில் உணர்வதைவிடக் கடுமையானது என்பதால் மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

புறப்படும் காலையில் ஹாங்காங் வானிலை ஆய்வகத்தின் செயலியைத் திறந்து பார்ப்பது தவறக்கூடாத வேலை. மழைக்கு மூன்று நிலை எச்சரிக்கைகள் உண்டு. மணிக்கு 30 மில்லிமீட்டரைத் தாண்டும் என்றால் மஞ்சள், 50-ஐத் தாண்டினால் சிவப்பு, 70-ஐத் தாண்டினால் கறுப்பு. மஞ்சள் எச்சரிக்கை வந்தாலே மலைத் திட்டத்தைக் கைவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். சிறு ஓடைகள் நிமிடங்களில் பெருக்கெடுக்கும் நிலம் இது. புயலுக்கு 1, 3, 8, 9, 10 என்று எண்கள் ஏற்றப்படும். 3-ஆம் எண் ஏறியிருந்தால் மலைப்பக்கம் போக வேண்டாம். 8-ஆம் எண் ஏற்றப்பட்டால் பேருந்துகளும் படகுகளும் படிப்படியாக நின்றுவிடும் என்பதால், திரும்பும் வழியே அடைபட்டுப் போகும். இடியுடன் கூடிய மழை எச்சரிக்கை இருக்கும்போது மரமற்ற முகட்டில் நிற்பதைப் போன்ற அபாயம் வேறில்லை.

நேரத்தைக் கணக்கிடும் விதம்

சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு. நல்ல உடல்வலு உள்ளவர்கள் குளிர்ந்த நாட்டில் நடப்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. குடும்பத்தோடு வந்து, படம் எடுத்து, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, பின்தங்கியவர்களுக்காகக் காத்திருந்து நடப்பவர்கள் அதில் வரும் விடையை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5.40 மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுகிறது. மறைந்த அரை மணி நேரத்தில் மரங்களடர்ந்த பாதையில் கால் வைக்கும் இடம் தெரியாது. ஆகவே குளிர்காலத்தில் நான்கு மணிக்குத் தார்ச்சாலையைத் தொட்டுவிடும்படி திட்டமிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கும் பாதித் தொலைவைக் கடக்கவில்லையென்றால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுவது என்று புறப்படும்போதே குழுவினரிடம் சொல்லி வைக்க வேண்டும். மேலே போன பிறகு சொன்னால் யாரும் கேட்பதில்லை.

இங்குள்ள தடங்களின் தனிக்குணம் கான்கிரீட் படிகள். தொலைவைப் பார்த்து ஏமாறாதீர்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவருக்கு எட்டுக் கிலோமீட்டர் பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் கிரிவலப் பாதை சமதளம். உங்களை அளந்துகொள்ளப் பழனி மலைப் படிகளே சரியான அளவுகோல். யானைப் பாதையை நாடாமல் படிவழியே ஏறி, இறங்கும்போதும் முழங்கால் நடுங்காமல் வருபவர் இங்குள்ள நடுத்தரத் தடங்களுக்குத் தகுதியானவர். நகரின் தென்புறம் ஸ்டான்லி அருகே உள்ள இரட்டைக் குன்றுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஒரே வரிசையாகச் செல்கின்றன. முதல் முறை வருபவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே மேல். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே அதிகத் துன்பம் தரும் என்பதால், ஏறும் பக்கம் செங்குத்தாகவும் இறங்கும் பக்கம் சரிவாகவும் அமையும் திசையைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் நடைக்கு: டிராகன்ஸ் பேக்

ஒரே ஒரு தடத்துக்குத்தான் நேரம் உண்டு என்பவர்களுக்கு டிராகன்ஸ் பேக் எனப்படும் முகட்டையே பரிந்துரைப்பேன். ஹாங்காங் தீவின் தென்கிழக்கில் ஷேக் ஓ நாட்டுப்புறப் பூங்காவில் இருக்கும் இது, 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஹாங்காங் தடத்தின் எட்டாவது, அதாவது கடைசிப் பகுதி. நீளம் சுமார் 8.5 கிலோமீட்டர், உயரமான இடமான ஷேக் ஓ உச்சி 284 மீட்டர்தான். கூட்டம் அதிகம் என்று உள்ளூர்க்காரர்கள் முகம் சுளிப்பது உண்மை. ஆனால் புதிதாக வருபவருக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நடப்பது ஒரு பாதுகாப்பு.

மெட்ரோவில் ஷாவ் கெய் வான் நிலையத்தில் இறங்கி, வெளியே உள்ள பேருந்து நிலையத்தில் 9-ஆம் எண் பேருந்தில் ஏறி, டோ டெய் வான் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். நிறுத்தம் வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இருப்பதால் கைப்பேசி வரைபடத்தைப் பார்த்தபடி அமர்ந்திருங்கள். நடைக்காலணியும் முதுகுப்பையுமாக ஒரு கூட்டமே எழுந்து நின்றால் அதுதான் இடம். படிகள் சாலையோரத்திலேயே தொடங்குகின்றன. முதல் இருபது நிமிடங்கள் புதர்க்காட்டுக்குள் ஏறிய பிறகு சட்டென்று மரங்கள் குட்டையாகி, வானம் திறந்து, முகடு தொடங்கும். வடக்கு நோக்கி நடக்கும் உங்களுக்கு வலப்பக்கம் ஷேக் ஓ கிராமமும் அதன் கடற்கரையும், இடப்பக்கம் டாய் டாம் விரிகுடாவும் தெரியும். காற்று சரியாக இருக்கும் நாட்களில் பாராகிளைடர்கள் தலைக்கு மேலே சுற்றுவதையும் காணலாம்.

முகட்டில் காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். கருங்கல் நைந்து உதிர்ந்த பருமணல் பாறை மீது மெல்லிய அடுக்காகப் படிந்திருக்கிறது. ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போது குதிகாலை ஊன்றினால் கேழ்வரகைக் கொட்டி வைத்த தரையில் நடப்பதுபோல வழுக்கிவிடும். உள்ளங்கால் முழுவதையும் பதித்து, சிறு சிறு அடியாக இறங்குங்கள். அடித்தோல் தேய்ந்த காலணி காய்ந்த பாறையிலும் உங்களைக் காப்பாற்றாது. நிழலே இல்லாத இந்தப் பகுதியைக் கடக்கப் பெரும்பாலோருக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் தொப்பி அவசியம்.

முகட்டிலிருந்து இறங்கியதும் மரநிழலில் ஒரு சந்திப்பு வரும். களைத்தவர்கள் டோ டெய் வான் என்று காட்டும் பலகையைப் பின்பற்றி மீண்டும் சாலைக்கு வந்து அதே பேருந்தைப் பிடிக்கலாம். இடையிலேயே வெளியேற இந்த வழி இருப்பதால்தான் முதியவர்கள் உள்ள குழுவுக்கும் இத்தடத்தை நம்பிச் சொல்ல முடிகிறது. தொடர்பவர்களுக்கு நெடுந்தொலைவு சமதளமான காட்டுப் பாதையும், பாட்டிஞ்சர் கணவாயும், பிறகு பிக் வேவ் பே கடற்கரைக்கு இறங்கும் படிகளும் காத்திருக்கின்றன. கடற்கரையின் வடக்கு ஓரத்துப் பாறையில், சுமார் 3,000 ஆண்டுகள் பழமையானதாகக் கருதப்படும் செதுக்கோவியம் ஒன்று தடுப்புக்குப் பின்னால் பாதுகாக்கப்படுகிறது; 1970-இல்தான் அது கண்டறியப்பட்டது. திரும்புவதற்கு மினிபஸ் கிடைக்கும். வரிசை நீளமாக இருந்தால் தார்ச்சாலையில் சுமார் அரை மணி நேரம் நடந்து ஷேக் ஓ கிராமத்துக்குப் போய், 9-ஆம் எண் பேருந்து புறப்படும் இடத்திலேயே ஏறினால் உட்கார இடமும் கிடைக்கும்.

படியேற முடியாதவர்களுக்கு

பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் அழைத்து வருபவர்கள் விக்டோரியா சிகரத்தைச் சுற்றிச் செல்லும் லுகார்ட் சாலை, ஹார்லெக் சாலை வட்டத்தை நடக்கலாம். 3.5 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுவதும் சமதளம், தள்ளுவண்டியும் போகும். சிகரத்துக்கு ஏறும் டிராமின் வரிசையில் நிற்காமல், நகர மையமான சென்ட்ரலிலிருந்து 15-ஆம் எண் பேருந்தில் காலை எட்டு மணிக்குள் வந்துவிட்டால், துறைமுகம் முழுவதையும் நெரிசலின்றி நின்று பார்க்க முடியும். இந்தச் சாலைக்குப் பெயர் தந்த பிரெடரிக் லுகார்ட் 1907 முதல் 1912 வரை இங்கே ஆளுநராக இருந்தவர். அவர் பிறந்தது 1858-இல் நம் சென்னையில். லாமா தீவில் யுங் ஷூ வான் முதல் சொக் கூ வான் வரையிலான பாதையும் எளிதானது. சென்ட்ரல் 4-ஆம் எண் படகுத்துறையிலிருந்து ஒரு முனைக்குப் போய், மறுமுனையிலிருந்து திரும்பிவிடலாம். சொக் கூ வானிலிருந்து படகுகள் குறைவு என்பதால் நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முழு நாள் நடக்க விரும்புபவர்களுக்கு

நடந்து பழகியவர்கள் சாய் குங் பகுதியின் டாய் லாங் வான் கடற்கரைகளுக்குப் போக வேண்டும். வெண்மணலும் பசுமலையும் ஒரே பார்வையில் அடங்கும் இந்த இடம், பத்து மணிக்குப் பிறகு தொடங்குபவர்களுக்கானது அல்ல. சோய் ஹுங் மெட்ரோ நிலையத்திலிருந்து 1ஏ மினிபஸ்ஸில் சாய் குங் நகருக்கு வந்து, அங்கிருந்து 29ஆர் மினிபஸ்ஸில் அல்லது பச்சை நிற டாக்சியில் சாய் வான் மண்டபம் வரை போகலாம். பாக் டாம் சுங் தடுப்புக்கு அப்பால் அனுமதி பெறாத தனியார் கார்கள் போக முடியாது; டாக்சிக்குத் தடையில்லை. மினிபஸ்ஸின் நடைகள் மிகக் குறைவு என்பதால், மூன்று நான்கு பேராக இருந்தால் டாக்சியே சிக்கனம்.

மண்டபத்திலிருந்து சாய் வான் கடற்கரைக்கு ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். அடுத்த மேட்டைத் தாண்டினால் ஹாம் டின். அங்கே சிறு ஓடையின் மேல் பலகைகளை அடுக்கிய குறுகலான பாலம் ஒன்று உண்டு. அதைக் கடந்தால் நூடுல்ஸும் குளிர்பானமும் விற்கும் கடை. சைவ உணவுக்காரர்கள் அந்தக் கடையை நம்பாமல், முந்தைய மாலையே சப்பாத்தியோ ரொட்டியோ வாழைப்பழமோ வாங்கி வைத்துக்கொள்வது நலம். ஹாம் டின்னிலிருந்து செக் கெங் வழியாகப் பாக் டாம் ஆவ் சாலைக்கு வர இன்னும் இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். வந்து சேர்ந்தால் 94-ஆம் எண் பேருந்து சாய் குங் நகருக்குப் போகும். ஞாயிறு, விடுமுறை நாட்களில் 96ஆர் பேருந்து நேராக டயமண்ட் ஹில் மெட்ரோவுக்கே போகும்.

இந்தக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது. கரையை மோதித் திரும்பும் அலைகள் ஆளை உள்ளே இழுக்கும் வலிமை கொண்டவை. நீச்சல் தெரிந்தவர்களும் கணுக்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பது நல்லது. சாய் வானுக்கு மேலே உள்ள ஷெங் லுக் ஓடையின் குளங்கள் படங்களில் அழகாக இருக்கும். அங்கே பாறை வழுக்கும், ஆழம் கண்ணுக்குத் தெரியாது, மலையில் மழை பெய்தால் வெள்ளம் சொல்லாமல் வரும். அங்கே பாறையிலிருந்து குதிப்பவர்களைப் பார்த்து நீங்களும் குதிக்க வேண்டாம்.

லயன் ராக் என்ற மலை 495 மீட்டர்தான் என்பதால் எளிது என்று நினைத்துவிடக்கூடாது. நகர நெரிசலுக்கு நேர் மேலே நிற்கும் அதன் சிங்கத் தலைப் பகுதி, தடுப்பில்லாத செங்குத்துப் பாறை. உயரத்தை அஞ்சுபவர்கள் தவிர்க்கலாம்.

பையில் இருக்க வேண்டியவை

குளிர்காலத்தில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் மூன்று லிட்டர் தண்ணீர். கொஞ்சம் உப்பிட்ட தின்பண்டம். சிறு டார்ச், பவர் பேங்க். பேருந்தில் சில்லறை தரமாட்டார்கள் என்பதால் பயணக் கட்டணம் செலுத்தும் ஆக்டோபஸ் அட்டையில் போதிய பணம். கிராமக் கடைக்கும் டாக்சிக்கும் ரொக்கம். கூகுள் வரைபடம் நகருக்குள் நன்றாக உதவினாலும் மலைப்பாதைகளில் அதன் கால மதிப்பீட்டை நம்ப முடியாது. அரசு நில அளவைத் துறையின் மைமேப் ஹெச்கே செயலியில் உயரக் கோடுகளோடு தடங்களைக் காணலாம். ஹாங்காங் தடம் உள்ளிட்ட நான்கு நெடுந்தடங்களிலும் ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஒன்றாகத் தொலைவுக் கம்பங்கள் நடப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்தும் மூன்று இலக்க எண்ணும் இருக்கும். ஒவ்வொரு கம்பத்தையும் கடக்கும்போது படம் எடுத்துக்கொண்டே போங்கள். கால் பிசகி, அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க நேர்ந்தால், மரத்தையும் பாறையையும் விவரிப்பதைவிட அந்த எண்ணைச் சொன்னால் மீட்புக் குழு நேராக வந்து சேரும்.

தடங்களின் நடுவே இருந்த குப்பைத் தொட்டிகள் 2017-இல் அகற்றப்பட்டுவிட்டதால், கொண்டுபோனதன் உறைகள் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்ப வர வேண்டும். குப்பை போட்டால் 3,000 ஹாங்காங் டாலர் அபராதம். அதைவிடக் கடுமையானது விலங்குகளுக்கு உணவளிப்பதற்கான தண்டனை. குரங்குக்கு வாழைப்பழம் தருவதை நாம் புண்ணியமாக எண்ணுகிறோம். இங்கே 2024 ஆகஸ்ட் முதல் அதற்கு 1,00,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஷிங் முன் நீர்த்தேக்கம், காம் ஷான் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் உணவு என்று பழகிவிட்டது. கையில் ஒரு பை சரசரத்தாலே சுவரில் அமர்ந்திருப்பவை ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பும். பையை முதுகுப்பைக்குள் போட்டு மூடிவிட்டு, கண்ணைப் பார்க்காமல், ஓடாமல், பேசிக்கொண்டே கடந்து போய்விடுங்கள்.

லான்டாவ் தீவுக்குப் போகிறவர்களுக்கு

934 மீட்டர் உயரமுள்ள லான்டாவ் சிகரத்தைத் துங் சுங்கிலிருந்து 3எம் பேருந்தில் பாக் குங் ஆவ் வந்து ஏறி, நாங் பிங்கில் உள்ள பெரிய புத்தர் சிலைப் பக்கம் இறங்குவது வழக்கம். ஏற்றம் மட்டும் சுமார் 600 மீட்டர். மறுபக்க இறக்கம் செங்குத்தான கற்படிகள். மேகம் உச்சியை மூடியிருக்கும் நாளில் ஏற வேண்டாம். இறங்கிய பிறகு கேபிள் காரில் திரும்ப நினைப்பவர்கள், காற்றுக்காகவும் பராமரிப்புக்காகவும் அது நிறுத்தப்படுவது உண்டு என்பதால் அன்றைய நிலவரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஓடாத நாளில் 23-ஆம் எண் பேருந்து துங் சுங்குக்குக் கொண்டு சேர்க்கும்; விடுமுறை நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல் அந்த வரிசை மிக நீளும்.